பந்தய விமான மாதிரிகளைப் பள்ளிக் கண்காட்சியிலிருந்து விலக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தமிழ்ப்பள்ளிகளின் அறிவியல் கண்காட்சிகளில் போர் விமானங்களின் பிளாஸ்டிக் மாதிரிகளை வைப்பதை நிறுத்த வேண்டும் என்று வாசகர் ஒருவர் அண்மையில் தங்கள் நாளிதழில் எழுதியிருந்தார். மனிதரைக் கொன்ற கருவிகளைப் பிள்ளைகள் கையில் கொடுத்து அழகு பார்ப்பது முறையாகாது என்பது அவர் கருத்து. 1941 டிசம்பர் 11 அன்று ஜார்ஜ்டவுன் தெருக்களில் விழுந்த ஜப்பானியக் குண்டுகளைப் பற்றிய பேச்சு பினாங்குக் குடும்பங்களில் இன்னும் அடங்கவில்லை. சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டுத் திரும்பி வராத நம் தோட்டப் பாட்டாளிகளை நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது. ஆகவே அந்த வாசகரின் மனவருத்தத்தை நான் சிறிதும் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும், அவர் குறிப்பிட்ட மேசையில் இருந்தவற்றில் பெரும்பாலானவை, போர் முடிந்தபின் துப்பாக்கிகள் கழற்றப்பட்டு, வேகப் பந்தயத்துக்காக மாற்றியமைக்கப்பட்ட விமானங்களின் மாதிரிகள். அவற்றைச் செய்யும் மாணவர்களுக்கு வார இறுதிகளில் உதவி வருபவன் என்ற முறையில், நம் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல கைத்தொழிற் பயிற்சி அரிது என்று உறுதியாக நம்புகிறேன். அதற்கான காரணங்களைச் சொல்ல இடம் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டாம் உலகப் போர் முடிந்தவுடன், அமெரிக்க அரசு தேவைக்கு மிஞ்சிய விமானங்களை அடக்க விலையில் ஒரு சிறு பங்குக்குத் தனியாருக்கு விற்றது. அவற்றை வாங்கியவர்கள் ஒஹாயோ மாநிலத்தின் கிளீவ்லாண்ட் நகரில் 1946 முதல் 1949 வரை பந்தயம் விட்டார்கள். 1946இல் தாம்சன் கோப்பையை வென்ற டெக்ஸ் ஜான்ஸ்டனின் பெல் பி-39 விமானம் மணிக்கு ஏறத்தாழ 600 கிலோமீட்டர் வேகத்தில், பந்தயப் பாதையைக் குறிக்கும் கம்பங்களைச் சுற்றி வந்தது. 1947இலும் 1949இலும் அதே கோப்பையைக் குக் கிளீலண்ட் தம் எஃப்2ஜி கோர்செயர் விமானங்களைக் கொண்டு வென்றார். மொத்தமே பத்து எஃப்2ஜிக்கள்தான் செய்யப்பட்டன என்பதையும், அவற்றின் மூக்கில் 28 சிலிண்டர்கள் கொண்ட இயந்திரம் இருந்தது என்பதையும் அறிந்தபின், அந்த மாதிரியின் முன்பகுதி ஏன் அவ்வளவு நீண்டு பருத்திருக்கிறது என்று எந்த மாணவனும் கேட்பதில்லை. கிளீவ்லாண்டுக்குப் பின் நின்றுபோயிருந்த இவ்வகைப் பந்தயம் 1964இல் நெவாடா மாநிலத்தின் ரீனோவில் மீண்டும் தொடங்கி, 2023 வரை அங்கே நடந்தது. அதன் பிறகு நியூ மெக்சிகோவின் ராஸ்வெல் நகரம் புதிய இடமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது.

இனி மாதிரி செய்யும் வேலைக்கு வருகிறேன். கடையில் கிடைக்கும் மஸ்டாங் என்ற அமெரிக்கப் போர் விமானத்தின் மாதிரிப் பெட்டியைத் திறந்து, தாளில் உள்ள வரிசைப்படி ஒட்டி, வண்ணம் அடித்து முடிப்பதற்குப் பொறுமை போதும். அதே பெட்டியிலிருந்து ஒரு பந்தய மஸ்டாங்கை உருவாக்க வேண்டுமானால், மாணவன் முதலில் புகைப்படங்களைத் தேட வேண்டும். எந்த ஆண்டில் எந்தப் பகுதி மாற்றப்பட்டது என்று பிரித்தறிய வேண்டும், ஏனெனில் இந்த விமானங்கள் ஒரு பந்தயத்துக்கும் அடுத்த பந்தயத்துக்கும் இடையில் உருமாறிக்கொண்டே இருந்தன. அதன் பிறகுதான் இரம்பத்தைக் கையில் எடுக்க வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணத்தைத் தானே கண்டுபிடித்து எழுதிக் காட்டாத மாணவனை நான் வெட்ட அனுமதிப்பதில்லை.

இறக்கையையே எடுத்துக்கொள்வோம். பி-51டி மஸ்டாங்கின் இறக்கை விரிவு 37 அடி, அதாவது ஏறத்தாழ 11.28 மீட்டர். 1/48 அளவில், அதாவது உண்மை விமானத்தின் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு அளவில், அது 23.5 சென்டிமீட்டர் ஆகிறது. 'கேலப்பிங் கோஸ்ட்' என்ற பந்தய மஸ்டாங்கில் அதை ஏறக்குறைய 29 அடியாகக் குறைத்தார்கள்; மாதிரியில் அது 18.4 சென்டிமீட்டர். அப்படியானால் இரு பக்கமும் ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் வீதம் வெட்ட வேண்டும் என்ற கணக்கை ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி தானாகவே போட்டுக் காட்டினாள். குட்டை இறக்கையில் காற்று உராயும் பரப்பு குறைவு, ஆகவே உச்ச வேகத்தில் தடையும் குறைவு. ஆனால் மெதுவாகப் பறக்கும்போது அது போதிய தூக்குவிசை தராது, ஆகவே தரையிறங்கும் வேகம் கூடிவிடும். பாடநூலில் ஒரு பத்தியாகக் கிடக்கும் இச்செய்தி, தான் அளந்து வெட்டிய துண்டு மேசையில் கிடக்கும்போது மாணவனுக்கு மறப்பதில்லை.

வெட்டிய பின் அடைக்கும் வேலை. இறக்கையின் முன்விளிம்பில் இருந்த ஆறு துப்பாக்கித் துளைகளையும் புட்டி வைத்து மூட வேண்டும், தோட்டா வைக்கும் பெட்டிகளின் மூடிக் கோடுகளை நிரப்ப வேண்டும், காய்ந்த பின் தண்ணீர் தொட்டு மணல்தாளால் விரல் நுனிக்குத் தட்டாத அளவுக்குத் தேய்க்க வேண்டும். இங்கே வரலாறு தெரிந்தவருக்கு ஒரு நல்ல செய்தி உண்டு: காற்று இடறாமல் வழுக்கிச் செல்ல வேண்டும் என்பதற்காக, மஸ்டாங் இறக்கையின் முன்பகுதித் தகட்டு இணைப்புகளையும் ஆணித் தலைகளையும் போர்க்காலத்தில் தொழிற்சாலையிலேயே புட்டி பூசி மறைத்தார்கள். பந்தயக்காரர்கள் அதே யோசனையை இறுதிவரை கொண்டுசென்றார்கள்.

விமானி அறையின் கண்ணாடி மூடிதான் கடினமானது. பந்தய விமானங்களில் அது விமானியின் தலை மட்டும் நுழையும் அளவுக்குச் சிறிதாக்கப்பட்டிருக்கும். பெட்டியில் வரும் மூடி பயன்படாது என்பதால், மரத்தில் அச்சு செதுக்கி, மெல்லிய ஒளிபுகும் பிளாஸ்டிக் தாளைச் சூடாக்கி அதன்மேல் இழுத்துப் படியவைக்க வேண்டும். மரத்தில் ஒரு கீறல் இருந்தாலும் அது மூடியில் அப்படியே தெரியும். மாணவர்கள் அழுகிற கட்டம் இதுதான். மறுபடியும் செய்து பார்க்கிற கட்டமும் இதுதான்.

இயந்திரம் மாறிய விமானங்கள் இன்னும் அதிகம் கற்பிக்கின்றன. லைல் ஷெல்டனின் 'ரேர் பேர்' பிறப்பால் பேர்கேட் என்ற அமெரிக்கப் போர் விமானம். கடற்படைக்காகச் செய்யப்பட்டபோது அதில் இருந்த 46 லிட்டர் கொள்ளளவுள்ள ஆர்-2800 இயந்திரத்துக்குப் பதிலாக, ஏறத்தாழ 55 லிட்டர் கொண்ட ஆர்-3350ஐப் பொருத்தினார்கள். 1989 ஆகஸ்டில் மூன்று கிலோமீட்டர் நேர்ப்பாதையில் அது பிஸ்டன் இயந்திர விமானங்களுக்கான மணிக்கு 850 கிலோமீட்டர் என்ற சாதனையைப் படைத்தது. அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன், 1969இல், டாரில் கிரீனமையர் மற்றொரு பேர்கேட்டில் மணிக்கு 777 கிலோமீட்டர் பறந்து, 1939 முதல் ஜெர்மானியர் கையில் இருந்த சாதனையை முறியடித்தார். 'கான்குவெஸ்ட் ஒன்று' என்ற அந்த விமானம் இன்று வாஷிங்டன் அருகில் உள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகக் கிளையில் இருக்கிறது.

சீ ஃபியூரி பிரிட்டிஷ் விமானம். அதன் சென்டாரஸ் இயந்திரம் ஐந்து அலகுகள் (தகடுகள்) கொண்ட புரொப்பெல்லரைச் சுழற்றியது; ரீனோவில் பறந்த பல சீ ஃபியூரிகளில், உதிரிப்பாகம் எளிதாகக் கிடைத்த அமெரிக்க இயந்திரங்கள் நான்கு அலகுகளோடு பொருத்தப்பட்டன. அமெரிக்க இயந்திரம் சென்டாரசுக்கு எதிர்த்திசையில் சுழலும். ஆகவே பெட்டியில் வரும் புரொப்பெல்லரில் ஓர் அலகை நீக்கிவிட்டு ஒட்டுவது போதாது; எல்லா அலகுகளின் முறுக்கும் மாற வேண்டும். இதைக் கவனிக்காத மாதிரிகளை வெளிநாட்டுப் போட்டிப் படங்களில்கூட நான் பார்த்திருக்கிறேன். 1983இல் ரீனோவில் வென்ற 'டிரெட்நாட்' என்ற சீ ஃபியூரி, நம் அண்டை நாடான பர்மாவின் விமானப்படையிலிருந்து வாங்கப்பட்டது என்பதை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்த விமானங்கள் நமக்குச் சம்பந்தமில்லாத மேலை நாட்டுப் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் இன்னும் சிலவற்றையும் எண்ணிப் பார்க்கலாம். மணிக்கு 803 கிலோமீட்டர் என்று 1979இல் சாதனை செய்த 'ரெட் பேரன்' மஸ்டாங்கில், எதிரெதிர்த் திசையில் சுழலும் இரட்டைப் புரொப்பெல்லரோடு பொருத்தப்பட்டது ஷேக்கில்டன் என்ற பிரிட்டிஷ் கடல் ரோந்து விமானத்தின் கிரிஃபன் இயந்திரம். அதே ஷேக்கில்டன்கள் சிங்கப்பூரின் சாங்கி தளத்திலிருந்து நம் கடற்பரப்பின் மேல் ஆண்டுக்கணக்கில் ரோந்து பறந்தன. ரீனோவில் தனிப் பிரிவாகப் போட்டியிட்ட டி-6 பயிற்சி விமானத்தைத்தான் ஹார்வர்ட் என்ற பெயரில் 1950களில் மலாயா துணை விமானப்படை பயன்படுத்தியது. 2014 மே மாதத்தில் புத்ராஜெயாவில் நடந்த ரெட் புல் பந்தயத்தைப் பிள்ளைகளோடு போய்ப் பார்த்த நம்மவர்கள் பலர். அதில் பறந்தவை போருக்காக அல்லாமல், வான்சாகசத்துக்கும் பந்தயத்துக்கும் என்று செய்யப்பட்ட சிறு விமானங்கள். அவற்றுக்கும் இவற்றுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கவும் ஒரு மாதிரி மேசையில் இருப்பது நல்லது.

வாசகரின் கவலைக்குரிய உண்மையான பதிலை இனித்தான் சொல்லப் போகிறேன். துப்பாக்கியைக் கழற்றியதாலேயே இவை தீங்கற்றவை ஆகிவிட்டன என்று நான் வாதிடவில்லை. 1949இல் பில் ஓடம் ஓட்டிய 'பிகீன்' என்ற மஸ்டாங்கில், வயிற்றுப் பகுதியில் இருந்த ரேடியேட்டரை எடுத்து இறக்கை நுனிகளில் உருளைக் கூடுகளில் வைத்திருந்தார்கள். பார்ப்பதற்கு மிக அழகான விமானம். பந்தயத்தின்போது அது ஒரு வீட்டின்மேல் விழுந்தது. விமானியோடு அந்த வீட்டில் இருந்த ஒரு தாயும் குழந்தையும் இறந்தார்கள். அதன்பின் கிளீவ்லாண்டில் அப்படிப்பட்ட பந்தயம் நடக்கவில்லை. 2011 செப்டம்பர் 16 அன்று ரீனோவில், நான் மேலே இறக்கை அளவு சொன்ன அதே 'கேலப்பிங் கோஸ்ட்' பார்வையாளர்கள் அருகே விழுந்து, விமானி ஜிம்மி லீவர்டும் பார்வையாளர் பத்துப் பேரும் உயிரிழந்தனர். வால் பகுதியில் உள்ள சிறு சமன்தகட்டைப் பிடித்திருந்த திருகுகள் தளர்ந்து, அந்தத் தகடு அதிர்ந்து முறிந்ததையும், விமானத்தில் செய்த பெரிய மாற்றங்கள் போதிய பறப்புச் சோதனைக்கு உட்படுத்தப்படாததையும் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் சுட்டிக்காட்டியது. மீண்டும் மீண்டும் பயன்படுத்திப் பிடிப்பு இழந்த பூட்டு நட்டுகள் அதற்கு ஒரு காரணம். தேய்ந்துபோன ஒரு சிறு நட்டு பதினொரு உயிர்களுக்கு எப்படிக் காரணமாகிறது என்பதை ஒரு மாணவன் பன்னிரண்டு வயதில் புரிந்துகொண்டால், நாளை அவன் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை செய்தாலும் சுபாங்கில் விமானப் பராமரிப்புக்குப் போனாலும், கையெழுத்திடுமுன் ஒருமுறை குனிந்து பார்ப்பான். இந்த மாதிரிகளை மறைத்துவிட்டால் இந்தப் பாடத்தைச் சொல்ல நம்மிடம் வேறு எளிய வழி இல்லை.

ஆகவே மாதிரிகளை நீக்குவதற்குப் பதிலாக, அவற்றின் அருகில் என்ன எழுதி வைக்கிறோம் என்பதைக் கண்காட்சிப் பொறுப்பாசிரியர்கள் கண்டிப்பாக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். விமானத்தின் பெயரும் அளவும் மட்டும் உள்ள அட்டை போதாது. அது எந்த நாட்டுப் போர்ப்படைக்குச் செய்யப்பட்டது, பந்தயத்துக்காக எவை நீக்கப்பட்டன, எவை சேர்க்கப்பட்டன, அவற்றால் கிடைத்த பயன் என்ன, அதற்குக் கொடுத்த விலை என்ன என்பதை மாணவனே தன் கையால் தமிழில் எழுத வேண்டும். 'பிகீன்' மாதிரி வைக்கப்பட்டால் அந்தத் தாயும் குழந்தையும் அட்டையில் இடம்பெற வேண்டும். போர் விமானமாகவே கட்டப்பட்ட மாதிரிகளுக்கும் இதே விதி பொருந்தட்டும். ஜார்ஜ்டவுன்மீது பறந்த விமானத்தின் மாதிரி வைக்கப்பட்டால், கீழே நடந்ததும் அட்டையில் எழுதப்படட்டும். வாசகர் எதிர்பார்க்கும் மரியாதை இதனால் கிடைக்கும் என்று நம்புகிறேன்.

இதை நடத்த விரும்பும் ஆசிரியர்களுக்குச் சில நடைமுறைச் செய்திகள். வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்திலோ புறப்பாட நடவடிக்கையிலோ இதை எளிதாகச் சேர்க்கலாம். 1/48 பெட்டிகளின் விலை பல பெற்றோருக்குச் சுமை. 1/72 அளவே போதும், அதில் மஸ்டாங் இறக்கை விரிவு 15.7 சென்டிமீட்டர்தான், நான்கு மாணவர்களுக்கு ஒரு பெட்டி தாராளம். சன்னல் திறந்த அறையில், முகமூடி அணிந்து வண்ணம் அடிக்க வேண்டும். ரெசின் பாகங்களை ஈரமாகவே தேய்க்க வேண்டும், அதன் தூள் நுரையீரலுக்கு ஆகாது. பந்தய விமானங்களுக்குரிய பளபளப்பான வண்ணம் நம் ஊர் ஈரக்காற்றில் எளிதில் பால்போல் வெளுத்துப் பூத்துவிடும். மழை பெய்யும் பிற்பகலில் லாக்கர் தெளிக்க வேண்டாம், காய்ந்த காலைப் பொழுதில் மெல்லிய பூச்சுகளாகத் தெளிக்கட்டும். பந்தய எண்களைக் கணினியில் வரைந்து டெக்கால் தாளில் (மாதிரியின்மேல் ஒட்டும் படத்தாளில்) அச்சிட்டுக்கொள்ளலாம்.

அந்த வாசகர் விரும்பினால், அடுத்த கண்காட்சிக்கான விளக்க அட்டைகளை மாணவர்கள் எழுதி முடித்ததும், அவை மேசைக்குப் போகுமுன் அவரே ஒருமுறை படித்துத் திருத்தித் தர வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாகவே அவரைக் கேட்டுக்கொள்கிறேன். ஆசிரியர் குழு வழியாக அவர் இசைவு தெரிவித்தால், அட்டைகளை அவருக்கு அனுப்பி வைக்கும் பொறுப்பை நானே ஏற்றுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
பட்டர்வொர்த், பினாங்கு.