பெல்லட் வாங்கும் முன் உப்பைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

அனல்மின் நிலையங்களில் நிலக்கரியோடு 5 சதவீதம் தாவரக் கழிவுப் பெல்லட் (தூளாக்கி அழுத்திய சிறு உருளைகள்) சேர்க்க 2021-லேயே மத்திய மின் அமைச்சகம் கொள்கை வகுத்தது. நல்ல முடிவுதான். ஆனால் 5 சதவீதம் தொல்லையில்லாமல் எரிந்ததை வைத்து, மேட்டூர் போன்ற நிலையத்தை முழுக்கப் பெல்லட்டுக்கே மாற்றிவிடலாம் என்று எண்ணக் கூடாது.

தாவரத்திலுள்ள பொட்டாசியமும் குளோரினும் உலையில் ஆவியாகி, 540 டிகிரி நீராவி ஓடும் சூப்பர்ஹீட்டர் குழாய்கள் மேல் உப்பாகப் படியும். அந்தப் படிவுக்கு அடியில் குழாய் அரித்து மெலியும். கடைசியில் வெடித்து, யூனிட்டே நிற்கும். கொஞ்சமாகக் கலக்கும்போது நிலக்கரியின் கந்தகமும் அதன் சாம்பலும் பொட்டாசியத்தைப் பிடித்துக்கொள்கின்றன. நிலக்கரி போனால் அந்தப் பாதுகாப்பும் போய்விடும். இங்கிலாந்தின் டிராக்ஸ் அனல்மின் நிலையம் 4 யூனிட்டுகளை முழுக்கப் பெல்லட்டுக்கு மாற்றியது உண்மை. அங்கே எரிவது வயல் கழிவு அல்ல, பெரும்பாலும் வட அமெரிக்காவிலிருந்து கப்பலில் வரும் மரப் பெல்லட்.

கொங்கில் எல்லோரும் முதலில் சொல்வது பொள்ளாச்சி, உடுமலைத் தென்னை நார்க் கழிவை. ஏற்றுமதியாகும் பித்தை (நார்த்தூளை) ஈ.சி. எனும் உப்பளவு இறங்கும்வரை தண்ணீர் விட்டு அலசுவதே அதிலுள்ள உப்புக்காகத்தான். அலசாமல் பெல்லட் போட்டால் அந்த உப்பு பாய்லருக்குப் போகும். அலசினால் கழிவுநீர் கிணறுகளைக் கெடுக்கும், காயவைக்கும் செலவும் சேரும். அதைவிட மரத்தூள், நிலக்கடலை ஓடு, பருத்திமார், நடவுக்குப் போக மிஞ்சும் மரவள்ளிக் குச்சி இவற்றைச் சோதித்துப் பார்க்கலாம். சோளத்தட்டு மாட்டுத் தீவனம். அதில் கைவைக்கவே கூடாது.

அளவையும் யோசிக்க வேண்டும். கிலோவுக்கு 3,800 கிலோகலோரி தரும் பெல்லட் என்றாலும், ஒரு 210 மெகாவாட் யூனிட் முழுச் சுமையில் ஓட நாளுக்குச் சுமார் 3,300 டன் தேவை. 16 டன் லாரியில் 200 லோடுக்கு மேல். அத்தனையும் கூரைக்கடியில் இருக்க வேண்டும். மழை பட்டால் பெல்லட் ஊதி உதிர்ந்துவிடும்.

நிலக்கரியை அரைக்கும் மில்லிலேயே பெல்லட்டை அதிகமாகப் போடுவதும் ஆபத்து. பெல்லட் நிலக்கரி போல் அரைபடாது, நார்த்தூளாகப் பிரியும். சுமார் 70 சதவீதம் எளிதில் ஆவியாகும் பொருள் என்பதால், மில் நின்றதும் உள்ளே தங்கிய தூள் கனன்று தீப்பிடிக்கும். தனி மில், குறைந்த சூட்டில் காற்று, தீயணைப்பு நீராவி மூன்றும் வேண்டும்.

ஆகவே டெண்டரில் வெப்ப மதிப்பும் ஈரப்பதமும் மட்டும் போதாது. ஒவ்வொரு லாட்டுக்கும் குளோரின், பொட்டாசியம், சாம்பல் உருகும் வெப்பநிலை மூன்றுக்கும் ஆய்வகச் சான்று கேட்க வேண்டும். ஒரே யூனிட்டில் 10 சதவீதத்தில் தொடங்கி, வருடாந்திரப் பராமரிப்பில் சூப்பர்ஹீட்டர் குழாய்களின் கனத்தை அல்ட்ராசோனிக் கருவியால் அளந்த பிறகே அடுத்த படிக்குப் போக வேண்டும்.

இப்படிக்கு,
பாய்லர் பராமரிப்புப் பொறியாளர்கள்,
மேட்டூர் அணை.