கணவன் மனசும் ரபிகளின் தீர்ப்பும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் யூத மதச் சட்டம் பற்றி வந்த கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் அந்தச் சட்டம் எந்தக் காலத்துக்கும் அசையாது என்று முடித்திருப்பதுதான் எனக்கு ஒப்பவில்லை. நீதிமன்றத்தில் முப்பது வருடம் எழுத்தராக இருந்தவன் நான். புத்தகத்தில் ஒரு வரி மாறாமலே தீர்ப்பு மாறுவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

விவாகரத்தையே எடுத்துக்கொள்வோம். 'கெட்' என்னும் விடுதலைப் பத்திரத்தைக் கணவன்தான் தரவேண்டும், அதுவும் மனமொப்பி. பன்னிரண்டு வரி, கையெழுத்தில். ஊர்ப்பெயரோடு அங்கே ஓடும் ஆற்றின் பெயரையும் எழுதுவார்கள். மனைவி இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்தி நிற்க, கணவன் அதில் பத்திரத்தைப் போடுவான். போடமாட்டேன் என்றால் அவள் 'அகுனா', அதாவது சங்கிலியில் கட்டுண்டவள். மறுமணம் கிடையாது.

இதே சட்டத்தில்தான், 1000-ஆம் ஆண்டு வாக்கில் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் இருந்த ரபேனு கெர்ஷோம் என்ற யூத மதகுருவின் பெயரால், இரண்டு மனைவி கூடாது, மனைவி சம்மதமில்லாமல் விவாகரத்தும் கூடாது என்று தடை வந்தது. யூத வேதம் இரண்டையும் அனுமதித்திருந்தது. அப்புறம் பன்னிரண்டாம் நூற்றாண்டு யூதச் சட்ட அறிஞர் மைமோனிடிஸ். மறுக்கிறவனை 'சம்மதம்' என்று சொல்லும்வரை அடிக்கலாம் என்றார். அவன் உள்ளூர சட்டத்துக்குக் கட்டுப்படவே விரும்புகிறானாம். குறுக்கே நிற்கும் கெட்ட புத்தியைத்தான் அடி விரட்டுகிறதாம். (எங்கள் ஊர் பழைய ஏட்டையாக்களுக்கும் இந்த நம்பிக்கை உண்டு.) இஸ்ரேலில் 1995-இல் வந்த சட்டம், மத நீதிமன்றம் நடத்தும் யூத குருக்களான ரபிகள் கையில் வேறு பிரம்பைக் கொடுத்தது: ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் முடக்கலாம், சிறையிலும் தள்ளலாம்.

உண்மையான சண்டை வேறு இடத்தில். தனியாக இருப்பதைவிட எப்படிப்பட்டவனோடாவது சேர்ந்து வாழ்வதையே பெண் விரும்புவாள் என்று தல்மூத் என்னும் பழைய யூதச் சட்டநூல் ஓர் ஊகம் வைத்திருக்கிறது. இப்படிப்பட்டவன் என்று முன்பே தெரிந்திருந்தால் கழுத்தை நீட்டியிருக்கவே மாட்டேன் என்று ஒருத்தி திருமணத்தை ரத்து செய்யக் கேட்டால், இந்த ஊகம் வந்து வழிமறிக்கும். இது மாறாத மனித இயல்பு என்று 1975-இல் அமெரிக்க வைதீக ரபி சோலொவைச்சிக் அடித்துச் சொன்னார். சம்பாதித்துத் தனியே வாழும் இன்றைய பெண்ணுக்கு இது பொருந்தாது என்றார் இன்னொரு அமெரிக்க வைதீக ரபி ராக்மன். அந்தக் கருத்தை வைத்து 1990-களில் நியூயார்க்கில் ஒரு ரபி நீதிமன்றம் திருமணங்களை ரத்து செய்தது. பெரும்பாலான வைதீக ரபிகள் அதை ஏற்கவில்லை. என் ஓட்டு ராக்மனுக்கு. நேரில் கண்டதை நம்பாமல் ஊகத்தைப் பிடித்துத் தொங்குவது எந்த நீதிமன்றத்துக்கும் அழகில்லை.

கட்டுரையாளர் இஸ்ரேலின் ஸஃபேத் நகரத்து வழக்கை எப்படி விட்டார் என்று தெரியவில்லை. மோட்டார் சைக்கிள் விபத்தில் நினைவிழந்து ஏழு வருடமாகப் படுக்கையில் கிடந்த ஒருவர் சார்பில், 2014-இல் அந்த ஊர் ரபி நீதிமன்றமே மனைவிக்குக் கெட் வழங்கியது. ஒருவர் இல்லாத இடத்திலும் அவருக்கு நன்மையானதை அவருக்காகச் செய்யலாம் என்ற பழைய விதிதான் ஆதாரம். மனைவியை இழப்பது கணவனுக்கு நன்மையா என்று எதிர்ப்பு கிளம்பியது. ரபிகளின் மேல்நீதிமன்றம் வழக்கை மறுபடி திறக்கப் பார்த்தது. 2017-இல் நாட்டின் உச்ச நீதிமன்றம் தடுத்துவிட்டது. இது பற்றித் தனியாக ஒரு கட்டுரை வெளியிட்டால் ஆவலோடு படிப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்ற எழுத்தர்,
பாளையங்கோட்டை