பிக்கோ தீவிலிருந்து வந்த பெயர்

நியூ பெட்ஃபோர்டு, அமெரிக்கா

அன்புள்ள கொரேரா,

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் விட்டுவிடாதே. இங்கே எல்லோரும் நலம். பேரனுக்கு ஞானஸ்நானம் ஆகிவிட்டது. மகள் வேலைக்குத் திரும்பிவிட்டாள், பகலெல்லாம் அவன் என் மடியில்தான்.

"மருமகன் போர்த்துக்கீசிய வம்சம் என்கிறாய், பெயர் என்னவோ பெர்ரி என்று இருக்கிறதே" என்று கேட்டிருந்தாய். கொஞ்ச நாளாக நானும் சம்பந்தியம்மாவும் அதைத்தான் துருவிக்கொண்டிருக்கிறோம். அவர்களுடைய முன்னோர் அட்லாண்டிக் நடுவிலிருக்கும் போர்த்துகலின் அசோரஸ் தீவுக்காரர்கள். 19ஆம் நூற்றாண்டில் இந்த ஊர்த் திமிங்கில வேட்டைக் கப்பல்கள் தண்ணீருக்கும் காய்கறிக்கும் ஆளுக்கும் அங்கே போய் நிற்குமாம். பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டு போவார்களே என்று பயந்த பையன்கள் ராத்திரியோடு ராத்திரியாகப் படகில் போய்க் கப்பலேறிவிடுவார்கள். இங்கே வந்து இறங்கியதும் பெயர் மாறியது. பெரேரா பெர்ரி ஆனது, ரொட்ரிகஸ் ராஜர்ஸ் ஆனது, மார்க்கெஸ் மார்க்ஸ், சில்வா சில்வியா. ரெய்ஸ் சில வீடுகளில் கிங். எழுதிக்கொண்டவர் காதில் விழுந்தபடி மாறியதும் உண்டு, வேலை கிடைக்கட்டும் என்று தாங்களே மாற்றிக்கொண்டதும் உண்டு. நடிகர் டாம் ஹாங்ஸின் அம்மா பிறந்த வீட்டுப் பெயர் ஃபிராகர். தீவில் அது ஃபிராகா.

பெர்ரிக்குப் பின்னால் பெரேரா இருக்கும் என்று ஊகிப்பது சுலபம். அப்புறம்தான் கஷ்டமே. ஒன்பது தீவு, எல்லாவற்றிலும் பெரேரா. பழைய அமெரிக்கக் காகிதங்களில் பிறந்த இடம் என்று, அசோரஸுக்கு அப்போது வழங்கிய 'மேற்குத் தீவுகள்' என்ற பெயரோடு நிறுத்திவிடுவார்கள். எந்தத் தீவு, எந்தப் பங்கு, அதாவது எந்தக் கோயிலைச் சேர்ந்த வட்டாரம் என்று தெரியாமல் ஓர் அடிகூட நகர முடியாது, பதிவேடுகள் எல்லாம் பங்குவாரியாகத்தான் இருக்கின்றன. கப்பலேறிவந்த கொள்ளுத்தாத்தாவின் கல்யாணப் பதிவில்தான் ஊர் கிடைத்தது. இங்கே 1871லேயே போர்த்துக்கீசியருக்கென்று தனிப் பங்கு ஏற்பட்டுவிட்டது. அந்தச் சாமியார்களுக்குத் தீவுகளின் ஊர்ப் பெயர்கள் பழக்கம், அதனால் பெற்றோர் பெயரையும் பிறந்த பங்கையும் ஒழுங்காக எழுதி வைத்திருக்கிறார்கள். பிக்கோ தீவு, லாஜெஸ்.

அசோரஸ் அரசு பழைய பங்குப் பதிவேடுகளைப் படமெடுத்து இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. திறந்து பார்த்தால் ஞானஸ்நானப் பதிவில் பிள்ளைக்கு மானுவேல் என்று ஒற்றைப் பெயர்தான். குடும்பப் பெயரே கிடையாது! வளர்ந்த பிறகு அப்பாவுடையதையும் வைத்துக்கொள்ளலாம், அம்மாவுடையதையும் வைத்துக்கொள்ளலாம், பாட்டியுடையதோ, ஞானஸ்நானத்தில் பிள்ளைக்காக நிற்கும் ஞானத்தகப்பனுடையதோகூட இருக்கலாம். ஊரில் வழங்கிய பட்டப்பெயரே குடும்பப் பெயராக நின்றுவிட்டதும் உண்டு. பெண்களுக்குப் பெரும்பாலும் மரியா டி ஜேசுஸ், ரோசா டா கொன்செய்சாவ் என்று பக்திப் பெயர்கள். கூடப் பிறந்தவர்களே வேறு வேறு பெயரோடு திரிந்திருக்கிறார்கள். நல்ல வேளையாக 1860 முதல் தாத்தா பாட்டி நால்வர் பெயரையும் பதிவில் எழுதத் தொடங்கினார்கள். அதுதான் எங்களுக்குக் கதவைத் திறந்தது.

கொள்ளுத்தாத்தாவின் அப்பா பெரேராவே இல்லை, சில்வேய்ரா. பெரேரா என்பது அப்பாவைப் பெற்ற பாட்டி வழியாக வந்தது. ஊரிலேயே தங்கிவிட்ட அண்ணன் சில்வேய்ராவாகவே இருந்து செத்திருக்கிறார். நான்கு தலைமுறை ஆண்கள் சுமந்த பெர்ரி, பிக்கோவில் எங்கோ வாழ்ந்த ஒரு பெண்ணின் பெயர். சம்பந்தியம்மா அந்தப் பாட்டியின் பெயரைத் திரும்பத் திரும்ப வாசித்தார். எனக்கும் மனசு நிறைந்து போயிற்று.

மருமகனுக்கு வேறொரு ஆசை வந்துவிட்டது. 15ஆம் நூற்றாண்டில் அந்தத் தீவுகளில் குடியேறியவர்களில் இன்றைய பெல்ஜியம் பக்கத்து ஃபிளாண்டர்ஸ்காரர்களும் இருந்தார்கள். வில்லெம் வான் டெர் ஹாகென் என்பவர் அங்கே கில்யெர்மே டா சில்வேய்ரா ஆகி, கடைசியில் சாவ் ஜோர்ஜ் தீவில் தோப்போ என்ற இடத்தில் நிலைத்தார். ஃபாயல் தீவின் முதல் தலைவர் ஹுர்ட்டெரின் பெயர்தான் இன்று டுத்ரா. இதைப் படித்ததும் "நாங்களும் ஃபிளாண்டர்ஸ் வம்சம்" என்கிறான். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஞானத்தகப்பன் பெயரையெல்லாம் எடுத்துக்கொள்கிற ஊரில் சில்வேய்ரா என்றவர் எல்லோரும் வில்லெமின் பேரப்பிள்ளைகளா என்ன? டிஎன்ஏ சோதனையும் அங்கே கொஞ்சம் குழப்பும். சின்னத் தீவில் தலைமுறை தலைமுறையாக உறவுக்குள்ளேயே கட்டியிருப்பதால், தூரத்துச் சொந்தமும் கிட்டத்துச் சொந்தம்போலக் காட்டும்.

இதை நம்மைவிட யார் அறிவார், சொல்லு. 1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்தபோது ஞானத்தகப்பனாக நின்ற போர்த்துக்கீசியர் பெயரைத்தானே வாங்கிக்கொண்டார்கள்? உன் கொரேராவும் என் பர்னாந்துவும் அப்படி வந்தவைதான். லிஸ்பனிலிருந்து தாத்தா யாரும் நமக்குக் கப்பலேறி வரவில்லை. மருமகனிடம் இதைச் சொன்னேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "அப்படியென்றால் உங்கள் பழைய பெயர்கள் எங்கே?" என்று கேட்டான். அதற்கு நான் பதில் தேட வேண்டும்.

அதனால் உன்னிடம் ஒரு வேலை. உன் அம்மாச்சி, அப்பாச்சி, அவர்களைப் பெற்றவர்கள், எந்தத் துறையில் பிறந்தவர்கள், மணப்பாடா, வீரபாண்டியன்பட்டினமா, யார் ஞானத்தாய் என்று உன் அத்தைக்கு ஞாபகம் இருக்கும்வரை கேட்டு எழுது. ஆம்பிளைகள் பெயர் வேண்டாம், அது கோயில் புத்தகத்தில் தானே கிடைக்கும். என் பெரியம்மா வீட்டிலும் கேட்கச் சொல்லியிருக்கிறேன். ஒரே பாட்டியில் போய் நாம் இருவரும் முட்டிக்கொண்டாலும் ஆச்சரியமில்லை. கண்ணில் கட்டு அவிழ்த்த பிறகு எழுதினால் போதும்.

அன்புடன்,
பர்னாந்து