சீட்டு என் கையெழுத்தில் இருந்தது

அன்புள்ள ஜெயா,

பொங்கலுக்கு நீ எழுதிய கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். திட்டிக்கொள். அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. சின்னவள் மூன்றாம் வகுப்பு. தண்டையார்பேட்டையில் அதே உப்புத் தண்ணீர். வீட்டுச் செய்தி இவ்வளவுதான்.

சென்ற செவ்வாய்க்கிழமை காசிமேட்டில் மீன் விற்கும் ஓர் அம்மாள் கிளினிக்குக்கு வந்தார். கீழ்க் கடைவாய்ப் பல். இதுவரை என்ன மருந்து சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். சுருக்குப் பையிலிருந்து நைந்துபோன ஒரு சீட்டை எடுத்து நீட்டினார். அமாக்சிசிலின், மெட்ரோனிடசோல், இரண்டும் ஆன்டிபயாடிக், ஐந்து நாள். இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி. கையெழுத்து என்னுடையது.

வலித்தபோதெல்லாம் அதே சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் வாங்கியிருக்கிறார். வலி குறைந்ததும் மிச்சத்தை டப்பாவில் போட்டு வைத்து, மருமகளின் பல்வலிக்குக் கொடுத்திருக்கிறார். "நீங்கள் எழுதியதுதானே டாக்டரம்மா, நன்றாகக் கேட்டது" என்கிறார், நன்றியோடு. எனக்கு முகம் எரிந்தது.

பழைய நோட்டைப் புரட்டினேன். அன்று அவருக்கு வீக்கம் இல்லை, காய்ச்சல் இல்லை, சீழ் இல்லை. குளிர்ந்த தண்ணீர் பட்டால் உயிர்போகிற வலி, இரவில் தூக்கமில்லை. பல்கூழ் அழற்சி, அதாவது பல்லுக்குள் நரம்பும் ரத்தக் குழாயும் இருக்கும் கூழில் அழற்சி. அதற்கு ஆன்டிபயாடிக் மருந்தே அல்ல, பல்லைத் திறந்து கூழை எடுக்க வேண்டும் அல்லது பல்லைப் பிடுங்க வேண்டும் என்று கல்லூரியில் நம் எலி சார் வாய்மொழித் தேர்வில் நம்மை எத்தனை முறை நிற்கவைத்துக் கேட்டிருப்பார்! அன்று வெளியே பெரிய கூட்டம். அவர் விடியற்காலை ஏலத்துக்குப் போக வேண்டும், கையில் பணமும் இல்லை. எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். பிறகு வலி நின்றது, உள்ளே நரம்பு செத்துப்போனதால். பெயர் கேப்ஸ்யூலுக்குப் போயிற்று. ரத்த ஓட்டமே நின்றுபோன பல்லுக்குள் மாத்திரை எப்படிப் போய்ச் சேரும், சொல்.

இன்னொன்றும் கேள். சில மாதங்களுக்கு முன் அவருக்குச் சிறுநீர்த் தொற்று. எந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும் என்று பார்க்கும் கல்ச்சர் ரிப்போர்ட்டையும் அதே பையில் வைத்திருந்தார். மேலிருந்து கீழ்வரை 'ஆர்', 'ஆர்', 'ஆர்', அதாவது அந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படாது. சாதாரண மாத்திரை எதுவும் கேட்காமல் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து ஊசி போட்டிருக்கிறார்கள். என் சீட்டால்தான் இப்படி ஆனது என்று சொல்ல முடியாது. இல்லை என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

பல் டாக்டர் எழுதும் ஐந்து நாளில் என்ன கெட்டுவிடும் என்று பெரம்பூரில் சந்தித்தபோது நீ கேட்டாய். நானும் தலையாட்டினேன். இப்போது அந்தப் பேச்சை நினைத்தாலே கோபம் வருகிறது, உன் மேலும் என் மேலும். 2012-இல், கிருமிகள் ஆன்டிபயாடிக்குக்குக் கட்டுப்படாமல் போகும் இந்த எதிர்ப்புத்திறன் பிரச்சினைக்காக நம் ஊர்ப் பெயரிலேயே சென்னைப் பிரகடனம் வந்தது. நம் பேட்சில் ஒருவராவது அதைப் பற்றிப் பேசினோமா? 2014-இல் சில மருந்துகளின் விற்பனையைக் கட்டுப்படுத்தும் எச்1 பட்டியல் அமலுக்கு வந்தது. அதில் உள்ள மருந்தை விற்றால் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும். அமாக்சிசிலின் அந்தப் பட்டியலில் இல்லை. பழைய சீட்டு எத்தனை முறை கைமாறினாலும் அந்த ஏட்டில் ஏறாது. நீ விரும்பி எழுதுகிறாயே, ஆஃப்லாக்சசின் - ஆர்னிடசோல் கூட்டு மாத்திரை, அந்த ஆஃப்லாக்சசினை உலக சுகாதார நிறுவனம் கண்காணித்துப் பயன்படுத்த வேண்டிய வகையில் வைத்திருக்கிறது. கம்பெனிப் பிரதிநிதி இதைச் சொல்லியிருக்க மாட்டார்.

முகம் வீங்கி, காய்ச்சலோடு, வாய் திறக்க முடியாமல் வருகிறவருக்கு உடனே எழுதத்தான் வேண்டும், அதில் எனக்குத் தயக்கமே இல்லை. வலி மட்டும் என்றால் இப்போது அன்றைக்கே மரத்துப்போக ஊசி போட்டுப் பல்லைத் திறந்துவிடுகிறேன். வலிக்கு மட்டும் மாத்திரை. ஆன்டிபயாடிக் எழுதினால் 'இந்த ஒரு முறைக்கு மட்டும்' என்று தமிழில் பெரிதாக எழுதுகிறேன். கூட்டம் சேர்ந்துவிடுகிறது, மாலையில் வீடு திரும்ப ஒன்பதரை ஆகிறது. ஆகட்டும்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். போன மாதத்து நோட்டை எடுத்து, வீக்கமோ காய்ச்சலோ இல்லாமல் எத்தனை பேருக்கு எழுதினாய் என்று எண்ணிப் பார். எனக்குப் பாதிக்கு மேல் வந்தது. உன் எண்ணிக்கையை மறைக்காமல் எழுது. நவம்பர் 18 முதல் 24 வரை இதற்கான விழிப்புணர்வு வாரம். நம் ஜூனியர்களிடம் இருவரும் சேர்ந்து பேசலாம், நீ வந்தால். வஞ்சிரம் வாங்கி வைக்கிறேன்.

அந்த அம்மாளுக்கு வியாழக்கிழமை வேர் சிகிச்சையின் அடுத்த அமர்வு. பழைய சீட்டை முதலில் தர மறுத்தார், ஆத்திர அவசரத்துக்கு வேண்டும் என்று. என் போன் நம்பரை ஒரு தாளில் எழுதிக் கொடுத்த பிறகுதான் கொடுத்தார்.

உன்,
கலை