முதலில் கோச், பிறகு கையெழுத்து

அன்புள்ள கதிர்,

போன வாரம் போனில், "போ நிக்ஸுக்கு இப்பவே பெரிய கான்ட்ராக்ட் போட்டுட்டா என்னம்மா? அப்புறம் விலை ஏறிடுமே" என்று கேட்டாய். இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை அது. நீ டென்வரில் குடியேறி, அந்த ஊர் அமெரிக்க ஃபுட்பால் அணியான பிராங்கோஸின் ரசிகனாகவே ஆகிவிட்டாய். நிக்ஸ் அதன் குவாட்டர்பேக், பந்தை எறிந்து தாக்குதலை நடத்துகிறவர். அந்த அணிக்கு 2022-ல் நடந்ததைத் தெரிந்துகொள்ளாமல் இந்தக் கேள்விக்குப் பதில் புரியாது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நேர்ப் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். இப்போது போட விதி இடம் கொடுக்காது. டிராஃப்டில், அதாவது அணிகள் முறைவைத்துப் புது ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், வந்த பையனோடு மூன்று சீசன் முடிந்த பிறகுதான் புது ஒப்பந்தம் பேசலாம். நிக்ஸ் 2024-ல் 12-வது ஆளாக எடுக்கப்பட்டவர். 2026 சீசன் முடிந்தால்தான் கதவு திறக்கும். அதுவரை அவருடைய சம்பளம் 4 வருடத்துக்கு மொத்தம் 1.86 கோடி டாலர். எந்த இடத்தில் எடுக்கப்பட்டாரோ அந்த இடத்துக்கு உள்ள தொகை அது, பேரத்துக்குப் பெரிதாக இடம் கிடையாது. 2011-க்கு முன்னால் இப்படி இல்லை. 2010-ல் முதல் ஆளாகப் போன சாம் பிராட்ஃபர்டுக்கு 5 கோடி டாலர் கியாரண்டி. அடுத்த வருடம் முதல் ஆளாகப் போன கேம் நியூட்டனுக்கு மொத்தமே 2.2 கோடிதான். இடையில் லீக்கும் ஆட்டக்காரர் சங்கமும் போட்ட தொழிலாளர் ஒப்பந்தம் செய்த வேலை அது.

இப்போது டென்வர் கதைக்கு வருகிறேன். 2022 ஜனவரியில் நதானியேல் ஹாக்கெட்டைத் தலைமைக் கோச்சாக வைத்தார்கள். அதற்கு முன்பு அவர் இந்த லீக்கில், அதாவது என்.எஃப்.எல்லில், எந்த அணிக்கும் தலைமைக் கோச்சாக இருந்ததில்லை. மார்ச்சில் சியாட்டிலிடமிருந்து குவாட்டர்பேக் ரஸ்ஸல் வில்சனை வாங்கினார்கள். விலை, டிராஃப்டில் ஆள் எடுக்கும் உரிமைகளில் இரண்டு முதல் சுற்று, இரண்டு இரண்டாம் சுற்று, ஒரு ஐந்தாம் சுற்று, அதற்கு மேல் மூன்று ஆட்டக்காரர்கள். வில்சனின் பழைய ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு வருடம் பாக்கி இருந்தது. அவசரமே இல்லை. ஆனாலும் செப்டம்பர் 1-ம் தேதி, டென்வர் சட்டையில் ஒரு ஸ்நாப் கூட (பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்குவதுதான் ஸ்நாப்) ஆடுவதற்கு முன்னால், 5 வருடத்துக்கு 24.5 கோடி டாலர் எழுதிக் கொடுத்தார்கள். புது கோச் ஆட்டம் நடத்தி யாரும் பார்க்கவில்லை, அந்த கோச்சின் பிளேக்களை, அதாவது அவர் வகுத்த ஆட்டத் திட்டங்களை, வில்சன் ஆடியும் யாரும் பார்க்கவில்லை.

பதினொரு நாள் கழித்து, செப்டம்பர் 12, சியாட்டிலில் முதல் ஆட்டம். டென்வர் 17-16 என்று ஒரு புள்ளி பின்தங்கியிருக்கிறது. கடைசி நிமிடத்தில் நான்காவது டவுன், அதாவது கடைசி வாய்ப்பு, 5 யார்டு வேண்டும், பந்து சியாட்டிலின் 46-வது யார்டில். கையில் மூன்று டைம்-அவுட் இருக்கிறது. 24.5 கோடி வாங்கிய குவாட்டர்பேக் களத்தில் நிற்கிறார். ஹாக்கெட் என்ன செய்தார்? கடிகாரத்தை ஓடவிட்டார். 20 நொடி மிச்சம் இருக்கும்போது டைம்-அவுட் கேட்டு, 64 யார்டிலிருந்து ஃபீல்டு கோல், அதாவது இரண்டு கம்பத்துக்கு நடுவே பந்தை, உதைக்கச் சொன்னார். லீக் வரலாற்றில் அதுவரை 64 யார்டோ அதற்கு மேலோ உதைத்துப் போட்டவர்கள் இரண்டே பேர். அதில் ஒன்று உங்கள் டென்வரின் மெல்லிய மலைக் காற்றில் நடந்தது. சியாட்டில் கடல் மட்டத்தில் இருக்கிற ஊர். பந்து கம்பத்துக்கு இடப்பக்கம் போயிற்று. ஐந்து யார்டுக்கு நம்ப முடியாத ஆளுக்கா அவ்வளவு பணம் என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு டென்வரில் ஹூஸ்டனோடு ஆட்டம். பிளே கிளாக் தீரப் போகிறதென்று சொந்த ஊர் ரசிகர்களே சேர்ந்து "அஞ்சு, நாலு, மூணு" என்று சத்தமாக எண்ணிக் காட்டினார்கள். ஒரு பிளே முடிந்ததும் அடுத்ததற்கு 40 நொடி. கோச் பேசுவது குவாட்டர்பேக்கின் ஹெல்மெட்டுக்குள் கேட்கும், ஆனால் கடிகாரம் 15 காட்டியதும் அந்த ரேடியோ அறுந்துவிடும். ஆக 25 நொடிக்குள் கோச் முடிவெடுத்து, பிளேயின் பெயரைச் சொல்லி, ஆட்களை மாற்றி அனுப்பியாக வேண்டும். அதைக் குவாட்டர்பேக் மற்ற பத்துப் பேரிடம் திருப்பிச் சொல்ல வேண்டும். மிச்சமிருக்கும் 15 நொடிதான் அவருக்குச் சொந்தம். அதில் எதிரணியை நிதானமாகப் படிக்க வேண்டும். கோச் பத்து நொடி தாமதித்தால் அந்தப் படிப்புதான் போகும், பார்க்கிறவர்களுக்குக் குவாட்டர்பேக் திணறுவது போலத் தெரியும். மூன்றாவது வாரம், ஆட்டநேர முடிவுகளுக்கென்றே ஜெர்ரி ராஸ்பர்க் என்ற மூத்த கோச்சை ஓய்விலிருந்து அழைத்து வந்தார்கள். பதினைந்து ஆட்டத்தில் நான்கு வெற்றி, பதினொரு தோல்வி. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஹாக்கெட்டை அனுப்பிவிட்டார்கள்.

இந்த இடத்தைக் கவனமாகப் படி. கோச்சை நீக்கினால் மிச்சச் சம்பளம் முதலாளியின் பாக்கெட்டிலிருந்து போகும், சாலரி கேப்பில், அதாவது ஆட்டக்காரர் சம்பளத்துக்கு லீக் வைத்திருக்கும் உச்ச வரம்பில், ஒரு டாலர் கூட ஏறாது. கோச்களின் சம்பளம் கேப்புக்கு வெளியே. குவாட்டர்பேக்கை நீக்கினால் அத்தனையும் கேப்பில் வந்து உட்காரும், அதன் பலனை மற்ற ஐம்பது பேர் அனுபவிக்க வேண்டும். கோச் விஷயத்தில் தப்பு செய்தால் பணத்தால் திருத்திக்கொள்ளலாம். கான்ட்ராக்டில் தப்பு செய்தால் திருத்த இரண்டு சீசன் ஆகும். அதனால் தான் கோச் யார், பிளே சொல்வது யார் என்பது நிலைத்த பிறகே குவாட்டர்பேக்கிடம் பேனாவை நீட்ட வேண்டும் என்கிறேன். டென்வர் தலைகீழாகச் செய்தது.

வில்சனின் கணக்கைப் பிரித்துக் காட்டுகிறேன். 2022-ல் 5 கோடி சைனிங் போனஸ். காசு உடனே கைக்குப் போய்விடும், ஆனால் கேப் கணக்கில் அதிகபட்சம் ஐந்து வருடத்துக்குப் பங்கு வைக்கலாம். அதாவது வருடம் 1 கோடி. 2023-ல் இன்னொரு 2 கோடி ஆப்ஷன் போனஸ், வருடம் 40 லட்சம். 2024 மார்ச்சில் அவரை விடுவித்தபோது முதல் போனஸில் 3 கோடியும் இரண்டாவதில் 1.6 கோடியும் கணக்கில் ஏறாமல் பாக்கி இருந்தன. ஆளை விட்டால் அந்தப் பாக்கி மொத்தமும் உடனே ஏறும். 2024-க்கு ஏற்கெனவே உறுதி கொடுத்த 3.9 கோடியைச் சேர்த்தால் 8.5 கோடி. ஆடாத ஆளுக்கான இந்தச் சுமைக்குத்தான் டெட் மணி என்று பெயர். ஜூன் 1-க்குப் பிறகு நீக்கியதாகக் கணக்கு வைக்கிற சலுகை ஒன்று உண்டு, அணிக்கு வருடத்தில் இரண்டு பேருக்கு மட்டும். அதை வைத்து 2024-ல் 5.3 கோடி, 2025-ல் 3.2 கோடி என்று பிரித்தார்கள். 2024-ன் கேப் 25.54 கோடி. ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், களத்தில் இல்லாத ஒருவருக்கு. வில்சன் பிட்ஸ்பர்கில் குறைந்தபட்சச் சம்பளமான 12.1 லட்சத்துக்கு ஆடினார், மிச்ச 3.78 கோடியை டென்வர் கட்டியது.

2023-ல் அவர் மோசமாகக் கூட ஆடவில்லை, 26 டச்டவுன், எதிரணி பிடித்துக்கொண்ட எறிதல், அதாவது இன்டர்செப்ஷன், 8 மட்டும். பிறகு ஏன் கடைசி இரண்டு ஆட்டத்தில் உட்கார வைத்தார்கள்? கியாரண்டியில் வகை இருக்கிறது, கண்ணா. ஃபார்ம் போய் நீக்கினாலும் கொடுத்தாக வேண்டியது ஒன்று, காயம் பட்டால் மட்டும் கொடுக்க வேண்டியது இன்னொன்று. 2025-க்கான 3.7 கோடி அப்போது காயத்துக்கு மட்டும் உறுதி. மார்ச்சில் புது லீக் வருடம் தொடங்கி ஐந்தாம் நாள் வந்தால் அது முழு உறுதியாகிவிடும். கடைசி இரண்டு ஆட்டத்தில் முழங்கால் போயிருந்தால் அந்த 3.7 கோடியும் சேர்ந்து கழுத்தில் விழுந்திருக்கும். லாஸ் வேகஸில் டெரெக் காரை 2022-லும், நியூயார்க்கில் டேனியல் ஜோன்ஸை 2024-லும் உட்கார வைத்ததும் இதே கணக்குக்காகத்தான். நன்றாக இருக்கும் ஆளை டிசம்பரில் பெஞ்சில் பார்த்தால், ஆட்டத்தில் காரணம் தேடாதே, ஒப்பந்தத்தில் தேதியைத் தேடு.

"ரீஸ்ட்ரக்சர் பண்ணி இடம் உருவாக்கிட்டாங்க" என்று செய்தி வந்தால் அதையும் கொண்டாடாதே. 3 கோடி சம்பளத்தில் 2.5 கோடியைப் போனஸாக மாற்றி, ஐந்து வருடத்துக்குப் பங்கு வைத்தால் இந்த வருடம் ஏறுவது 1 கோடிதான். மிச்ச 2 கோடி எங்கேயும் போகவில்லை, அடுத்த நான்கு வருடத்தின் தலையில் ஐம்பது ஐம்பது லட்சமாக உட்கார்ந்திருக்கிறது. ஆட்டக்காரருக்கு நஷ்டமே இல்லை, அவருக்கு மாதக்கணக்கில் வர வேண்டியது முன்கூட்டியே வந்துவிடுகிறது. நடுவில் அவரை விட்டால்தான் வட்டி தெரியும்.

இனி கோச். 2023-ல் ஷான் பேட்டனைத் தலைமைக் கோச்சாகக் கொண்டுவர டென்வர் நியூ ஆர்லியன்ஸுக்கு ஒரு முதல் சுற்றும் ஒரு இரண்டாம் சுற்றும் கொடுத்து, அவரோடு ஒரு மூன்றாம் சுற்றை வாங்கியது. ஒரு கோச்சுக்கு முதல் சுற்றா என்று அப்போது பலரும் முகம் சுளித்தார்கள். அந்த வருடம் வில்சன் 15 ஆட்டத்தில் 45 முறை சாக் ஆனார், அதாவது எறிவதற்கு முன்பே வீழ்த்தப்பட்டார். அடுத்த வருடம், அதே பேட்டன், நடுவில் நின்று ஸ்நாப் கொடுக்கும் சென்டர் தவிர, குவாட்டர்பேக்கைக் காக்கும் ஆஃபென்சிவ் லைனும் அநேகமாக அதேதான். நிக்ஸ் 17 ஆட்டத்தில் 24 முறைதான் சாக் ஆனார். சாக் எல்லாம் லைனின் குற்றம் என்று சொல்கிறவர்களுக்கு இந்த இரண்டு எண்களைக் காட்டு. பந்தைப் பிடித்துக்கொண்டு ஓடித் தப்பி நேரம் வாங்குவது வில்சனின் பாணி. சியாட்டிலில் அது அழகாக இருந்தது. பேட்டனின் ஆட்டமோ காலடிக் கணக்கில் நடப்பது. ஷாட்கன்னில், அதாவது சென்டரிடமிருந்து சற்றுத் தள்ளிப் பின்னால், நின்று மூன்று காலடி பின்வாங்கி வலது கால் ஊன்றியதும் முதல் ஆளுக்குப் பந்து போக வேண்டும். அவன் மூடப்பட்டிருந்தால் ஒரு சின்னத் துள்ளல், இரண்டாவது ஆள். இன்னொரு துள்ளல், மூன்றாவது. அதற்கும் மேல் இல்லையென்றால் பக்கத்தில் நிற்கும் ரன்னிங் பேக்குக்குத் தட்டிவிட வேண்டும். கால் தாளம் தவறினால் கண்ணும் தவறும். ரிசீவர் திரும்பும்போது பந்து காற்றில் இருக்காது, அரை நொடியில் டிஃபென்டர் வந்து சேர்ந்துவிடுவான். இளம் குவாட்டர்பேக்குகளின் இன்டர்செப்ஷனில் பாதி கை செய்கிற தப்பு இல்லை, காலில் தொடங்குகிற தப்பு என்பது என் எண்ணம்.

இதைச் சொல்லிக் கொடுக்க ஆள் மாறாமல் இருக்க வேண்டும். ஒவ்வொரு கோச்சும் ஒரே பிளேயை வேறு பெயரில் கூப்பிடுவார். ஆள் மாறினால் குவாட்டர்பேக் புது மொழி கற்க வேண்டும். ஃபிலடெல்ஃபியாவின் ஜேலன் ஹர்ட்ஸுக்கு 2022 முதல் 2025 வரை வருடத்துக்கு ஒரு ஆஃபென்சிவ் கோஆர்டினேட்டர் (தாக்குதல் ஆட்டத்துக்குப் பொறுப்பான துணைக் கோச்): ஸ்டைக்கன், ஜான்சன், மூர், பட்டூலோ. நல்ல லைன் முன்னால் நின்றதால் தாங்கினார். கரோலினாவின் பிரைஸ் யங்குக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 2023-ல் முதல் சீசனிலேயே 62 சாக், அந்த வருடம் புதிதாக வந்த தலைமைக் கோச் 11 ஆட்டத்தில் வெளியே. அந்தப் பையனைப் பார்க்கவே எனக்கு மனசு பதைத்தது.

2024-ல் பேட்டன் தானே பிளே சொன்னார். அப்படி இருந்தால் நல்லது, வெற்றி வந்ததும் கோஆர்டினேட்டரை வேறு அணி தூக்கிக்கொண்டு போனாலும் நிக்ஸின் காதில் அதே குரல்தான் கேட்கும். 5.3 கோடி டெட் மணியைச் சுமந்துகொண்டே 2024-ல் 10-7 என்று 2015-க்குப் பிறகு முதல்முறையாகப் பிளேஆஃப் போனார்கள். முடிந்ததற்குக் காரணம் நிக்ஸின் மலிவுச் சம்பளம், அதோடு லைனில் நிற்கும் வலது டேக்கிள் மைக் மெக்ளிஞ்சிக்கும் கார்டு பென் பவர்ஸுக்கும் முன்கூட்டியே செலவழித்த காசு.

ஆகவே 2027-ல் என்ன நடக்கலாம்? மே மாதத் தொடக்கத்துக்குள் நிக்ஸின் ஒப்பந்தத்தை இன்னொரு வருடம் நீட்டுகிற ஐந்தாவது வருட ஆப்ஷனை எடுக்க வேண்டும், எடுத்த அன்றே அந்தச் சம்பளம் முழு உறுதி. அதற்குப் பிறகும் ஆளை ஒரு வருடம் போகவிடாமல் வைத்துக்கொள்ளும் ஃப்ரான்சைஸ் டேக் இருக்கிறது, ஆனால் இரண்டாவது முறை போட்டால் 20 சதவீதம் ஏற்றிக் கொடுக்க வேண்டும். வாஷிங்டன் கர்க் கசின்ஸுக்கு 2016, 2017 இரண்டு வருடமும் டேக் போட்டு, ஏறக்குறைய 4.4 கோடி கொடுத்து, கடைசியில் ஆளையும் இழந்தது. தள்ளிப் போடுவதற்கும் விலை உண்டு. பேட்டன் இருந்தால், நிக்ஸின் கால் தாளம் இருந்தால், நான் 2027 கோடையிலேயே கையெழுத்துப் போடுவேன். பேட்டன் கிளம்புகிற பேச்சு இருந்தால் ஆப்ஷனை மட்டும் எடுத்துவிட்டு, புது கோச்சோடு ஒரு சீசன் ஆடவிட்டுப் பார்ப்பேன்.

செய்தியில் "இத்தனை கோடி" என்று தலைப்பு வரும்போது மொத்தத் தொகையை விட்டுவிடு. கையெழுத்திடும்போதே முழு உறுதி எவ்வளவு, முதல் மூன்று வருடத்தில் கைக்கு வருவது எவ்வளவு, அடுத்த உறுதி எந்தத் தேதியில் பூட்டுகிறது, இதை மட்டும் பார். 2022-ல் கிளீவ்லேண்ட் டெஷான் வாட்சனுக்கு 23 கோடியையும் முழு உறுதியாகக் கொடுத்தது. அடுத்த வருடம் கையெழுத்திட்ட பால்டிமோரின் லாமர் ஜாக்சனுக்குக் கூட 26 கோடியில் 18.5 கோடிதான் உறுதி. மற்ற முதலாளிகள் அந்த வழியில் போக மறுத்துவிட்டார்கள்.

அடுத்த ஆட்டத்துக்கு டிக்கெட் எடுக்கும்போது கீழ் வரிசைக்குக் காசைக் கொட்டாதே. எண்ட் ஜோனுக்குப் பின்னால் மேல் அடுக்கில் எடு. எதிரணியில் கடைசிக் காவலாகப் பின்னால் நிற்கும் இரண்டு சேஃப்டிகளும் அங்கிருந்துதான் தெரிவார்கள், டிவியில் அநேகமாகத் தெரிய மாட்டார்கள். ஸ்நாப்புக்கு முன் இரண்டு பேரும் ஆழத்தில் நிற்கிறார்களா, ஸ்நாப் ஆனதும் ஒருவர் கீழே இறங்குகிறாரா என்று பார்த்துவிட்டு, உடனே நிக்ஸின் வலது காலைப் பார். பிளே கிளாக் 15 ஆகும்போது அவர் லைனுக்கு வந்துவிட்டாரா என்பதையும் குறித்து வை. நான்கு குவார்ட்டரும் அப்படிப் பார்த்துவிட்டு எனக்குப் போன் பண்ணு.

அன்புடன்,
அம்மா