மொறிஸை விக்கச் சொன்ன மகளுக்கு

உப்புவெளி,
திருகோணமலை.

அன்பு மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில சொன்னதுக்கு நான் அந்த நேரம் மறுமொழி சொல்லேல்லை. அம்மா பக்கத்தில நிண்டவ. உன்ட பக்கம் பிள்ளையும் அழுதுகொண்டிருந்தது. ஆறுதலா எழுதுவம் எண்டு விட்டிட்டன். "அந்தப் பழைய மொறிஸ் மைனர் காரை வித்துப்போட்டு ஒரு வாகன்ஆர் எடுங்கோ அப்பா, மிச்சக் காசை நான் அனுப்புறன்" எண்டு சொன்னாய். உன்ட குரலில கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. அந்தப் பயம் நியாயம். அதனால முதல்ல கார்த்திகை மாசம் நடந்ததை முழுசாச் சொல்லுறன். அம்மா உனக்குப் பாதிதான் சொல்லியிருப்பா.

கண்டிக்குக் கிளினிக் எண்டு விடிய மூண்டு மணிக்கு வெளிக்கிட்டம். கந்தளாய் தாண்டும்வரைக்கும் எஞ்சின் ஒரு பிசகில்லாமல் ஓடினது. அதுக்குப் பிறகு ஒரு விக்கல் வந்தது. கொஞ்ச தூரம் போக ரெண்டு, மூண்டு. ஹபரணைக்கு இன்னும் தூரம் கிடக்க, ரெண்டு பக்கமும் காடு இருக்கிற இடத்தில நிண்டுபோச்சு. பத்து நிமிசம் ஆறவிட்டால் ஸ்ராட் வரும், அரைக் கட்டை ஓடும், திரும்ப நிக்கும். சூடேற நிக்கிறதும் ஆற ஓடுறதும் எண்டால் கொண்டென்சர் எண்டு எனக்கு அந்த இடத்திலயே விளங்கிப்போச்சு. பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரிச்சு அனுப்புற டிஸ்ரிபியூட்டருக்குள்ள இருக்கிற சுண்டுவிரல் நுனியளவு தகர டப்பி அது. மின்சாரத்தை வெட்டி வெட்டி விடுற பொயின்ற் திறக்கேக்க அதின்ட வாயில பொறி பாயாமல் தாங்குறது அதின்ட வேலை. அது விட்டிட்டால் பிளக்குக்குப் போற பொறி மெலிஞ்சு, கடைசியில இல்லாமலே போயிடும்.

பிழை என்னில. ஒரு மாசத்துக்கு முன்னம்தான் புதுசு வாங்கிப் பூட்டினனான். பழையது நல்லா ஓடிக்கொண்டிருந்தது. இவ்வளவு காலம் கிடந்ததை இனி நம்பேலாது எண்டு கழற்றி, காரில வைக்காமல் கராஜ் தட்டில போட்டிட்டன். இப்ப வாற புதுசுகள் பழசைப்போல உழைக்காது எண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் அம்மாவை ஏத்திக்கொண்டு அதோட போனன்.

ஆனை குறுக்க வாற றோட்டு அது. அம்மா சீலைத் தலைப்பால காதை மூடிக்கொண்டு, ஒரு சொல்லும் சொல்லாமல் இருந்தா. அப்பதான் கிண்ணியாப் பக்கத்து மீன் லொறி ஒண்டு வந்தது. அந்தத் தம்பி லொறியை எங்களுக்குப் பின்னால நிப்பாட்டி, பெரிய லைற்றை எரியவிட்டு, எங்களை ஏத்த வாடகை வான் ஒண்டு வரும்வரைக்கும் முக்கால் மணித்தியாலம் எங்களோட நிண்டார். பெட்டியில ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. காசு நீட்டினன், வாங்கேல்லை. "உம்மாவைப் பத்திரமாக் கூட்டிக்கொண்டு போங்க" எண்டிட்டுப் போயிட்டார். கிளினிக்கில நம்பர் போயிட்டுது. ரெண்டு மாசம் தள்ளித்தான் அடுத்த திகதி கிடைச்சது.

வீட்டுக்கு வந்து அம்மா சொன்னது ஒண்டுதான்: "இனித் தூரப் பயணத்துக்கு இது வேண்டாம்." நான் சரி எண்டன். அதுக்குப் பிறகு கண்டிக்குப் போறதெல்லாம் வாடகை வானில. மொறிஸ் தம்பலகாமத்தைத் தாண்டிப் போறதில்லை. ஆகவே உன்ட பயத்துக்கு நான் தரக்கூடிய மறுமொழி இது. விக்கிறதுக்குச் சம்மதம் இல்லை.

காசுக் கணக்கைச் சுருக்கமாச் சொல்லுறன். 2020 பங்குனியில வாகன இறக்குமதியை நிப்பாட்டினவை, 2025 மாசியிலதான் திறந்து விட்டவை. அந்த அஞ்சு வருசத்தில பாவிச்ச காருகளின்ட விலை நல்லா ஏறிப்போச்சு. உன்ட காசு உன்ட வீட்டுக் கடனுக்கு இருக்கட்டும். ஆனா காசு கிடைச்சாலும் என்ட முடிவு இதுதான்.

நீ இருக்கிற ஒக்ஸ்ஃபோர்டிலதான் இந்தக் கார் பிறந்தது எண்டு உனக்குத் தெரியுமா? உன்ட வீட்டிலயிருந்து பஸ்ஸில போகக்கூடிய கவுலித் தொழிற்சாலையில செய்தது. இப்ப அங்க மினி கார் செய்யினம். அலெக் இசிகோனிஸ்தான் ரெண்டையும் வரைஞ்சவர். மைனர் 1948இல வெளியில வந்தது, மினி 1959இல. கொம்பனி முதலாளி நஃபீல்ட் பிரபுவுக்கு மைனரின்ட வடிவம் கொஞ்சமும் பிடிக்கேல்லை, கோதில்லாமல் அவிச்ச முட்டை மாதிரி இருக்கு எண்டவராம். அந்த முட்டைதான் பிரிட்டன் கார்களுக்குள்ள முதல்ல 10 இலட்சத்தைத் தொட்டது. எங்கட கார் 1957ஆம் ஆண்டுக் கார், 948 சிசி. பிரிட்டிஷ் கடற்படை எங்கட டொக்யாட்டை, அதுதான் கப்பல் திருத்துற தளத்தை, இலங்கையிட்டைக் கையளிச்சதும் அதே வருசம்தான். அப்பப்பா 1968இல மூண்டாவது ஆளா வாங்கினவர்.

உனக்கு எட்டு வயசில, கரண்ட் இல்லாத ராத்திரியில, நீ ரோச் பிடிக்க நான் பொயின்ற் செற் பண்ணினது ஞாபகம் இருக்கா? பதினைஞ்சு தவு இடைவெளி, தவு எண்டால் அங்குலத்தில ஆயிரத்தில ஒரு பங்கு. தகட்டை விட்டு இழுத்தால் வெண்ணெய்க்குள்ள கத்தி போறமாதிரி மெல்லப் பிடிச்சுக்கொண்டு வரவேணும். நீ ஒருக்கா இழுத்துப் பாத்திட்டு "இறுக்கம் அப்பா" எண்டாய். நான் திரும்பப் பாத்தன், உண்மையா இறுக்கம்தான். உன்ட விரலுக்கு அது தெரிஞ்சிருந்தது. அண்டைக்கு எனக்கு வந்த சந்தோசம், நீ பல்கலைக்கழகம் எடுபட்ட அண்டைக்கும் வந்ததோ தெரியாது.

திறப்பைத் திருப்பினதும் பெற்றோல் பம்ப் டிக், டிக், டிக் எண்டு அடிச்சு, காபரேற்றர் நிறைஞ்சதும் நிக்கும். நிக்காமல் அடிச்சுக்கொண்டே இருந்தால் எங்கயோ ஒழுகுது, இல்லாட்டி தாங்கி காலி. அடிக்கவே இல்லையெண்டால் பம்பின்ட பொயின்ற் ஒட்டிப்போச்சு, ஸ்பனரால மெல்ல ஒரு தட்டு. ஒரு ஆள் மூச்சு விடுறதைக் கேட்டு நோயைச் சொல்லுற மாதிரித்தான். இப்பத்தைய காரின்ட பொனற்றைத் திறந்தால் கறுத்த மூடி ஒண்டுதான் தெரியுது. கணினி கொண்டு வாற ஆளைத்தான் கூப்பிடவேணும். அது குறை இல்லை, காலம் அப்படி. எனக்கு அதோட கதைக்கத் தெரியாது.

கஷ்டம் இல்லையெண்டு சொல்ல வரேல்லை. ஊர்ப் பேரிலயே உப்பு. கடல் காத்து அடிச்சு அடிச்சு, கதவுக்குக் கீழ இருக்கிற தகடு ரெண்டு தரம் வெட்டி ஒட்டியாச்சு. கச்சான் காத்துக் காலத்தில மத்தியானத்தில எஞ்சினை நிப்பாட்டினால் பெற்றோல் குழாய்க்குள்ளயே ஆவியாகிப்போகும், ஈரத் துணி போட்டுக் காத்துக்கொண்டு இருக்கவேணும். மாரியில டிஸ்ரிபியூட்டர் மூடிக்குள்ள ஈரம் பிடிக்கும். எல்லாத்திலும் பெரிய அரியண்டம் பிரேக் மாஸ்ரர் சிலிண்டர். கால் மிதிக்குக் கீழ சட்டத்துக்குள்ள புதைஞ்சு கிடக்குது. அதைக் கழற்றவேணுமெண்டால் முன்சில்லுக்கு ஸ்பிரிங் மாதிரி முறுகுற இரும்புக் கம்பியான ரோர்சன் பாரை அசைக்கவேணும், ரெண்டு நாள் போயிடும். நாலு சில்லுக்கும் ஒரே எண்ணெய்க் குழாய்த் தொடர். எங்க ஒழுகினாலும் முழுப் பிரேக்கும் போகும். அதில மட்டும் நான் காசும் பாக்கிறதில்லை, நேரமும் பாக்கிறதில்லை. ஒவ்வொரு மாரிக்கும் முன்னம் சீல் மாத்துறன். முன்சில்லைத் தாங்குற ட்ரன்னியனுக்கு ஆயிரம் மைலுக்கு ஒருக்காக் கிறீஸ் அடிக்கிறன். அது காய்ஞ்சால் சில்லு மடிஞ்சு விழும்.

2022 பெற்றோல் தட்டுப்பாட்டை நீ இங்க இருந்து பாக்கேல்லை. சீனக்குடாக் காட்டுக்குள்ள பிரிட்டிஷ்காரன் கட்டின 99 எண்ணெய்த் தாங்கி நிக்குது. அந்த ஊரிலதான் நாங்கள் பெற்றோலுக்கு ரெண்டு நாள் வரிசையில கிடந்தம். ஆனியில லீற்றர் 470 ரூபாய்க்குப் போனது. வரிசை நகரேக்க ஒருத்தரும் எஞ்சினை ஸ்ராட் பண்ணேல்லை, தள்ளினதுதான். மொறிஸை நானும் பக்கத்து வீட்டுப் பெடியனும் ரெண்டு பேராத் தள்ளிப்போட்டு, எங்களுக்கு முன்னால நிண்ட பெரிய ஜீப்புக்கும் போய்க் கை குடுத்தம். கியூஆர் கோட் காட்டிப் பங்கீட்டில எண்ணெய் அடிக்கிற முறை வந்தாப் பிறகு கிழமைக்கு 20 லீற்றர். எங்களுக்கு அது தாராளமா இருந்தது. அந்த எண்ணெயில பக்கத்து ஆக்கள் எத்தினை பேர் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவை எண்டு அம்மாவைக் கேள்.

பெற்றோல் கிடைக்காத தொண்ணூறுகளில யாழ்ப்பாணத்தில உன்ட மாமா ஒஸ்ரின் ஏ40ஐ மண்ணெண்ணெயில ஓட்டினவர். அமுக்கம் குறைஞ்ச பழைய எஞ்சின் எண்டபடியால் ஏலும். பெற்றோலைக் கொஞ்சமாக் காபரேற்றருக்கு ஊத்தி ஸ்ராட் பண்ணி, சூடேறினாப் பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்துறது. ஒழுங்கை முழுக்கப் புகை. அந்தப் புகைக்குள்ளதான் உன்ட மச்சாளைப் பிள்ளைப்பேற்றுக்குக் கொண்டு போனவை.

ஆவணியில நீ வரேக்க எனக்கு ஒரு சாமான் வேணும். அங்க மைனருக்கெண்டே பாட்ஸ் விக்கிற கடைகள் இருக்குது. நல்ல கொண்டென்சர் ரெண்டு வாங்கிக்கொண்டு வா. ஒண்டு பூட்ட, ஒண்டு காரில வைக்க. கழற்றின பழையதும் இப்ப டாஷ்போட் தட்டில கிடக்குது, பயப்பிடாத. பேரப்பிள்ளையைக் கன்னியா வெந்நீர்க் கிணத்துக்கு இதில கூட்டிக்கொண்டு போவன். அவ்வளவு தூரம்தான்.

மணி அஞ்சாகுது. கோணேசர் கோயிலுக்கெண்டு அம்மா வெளிக்கிட்டு, போய் ஏறி இருந்திட்டா. எங்கட ஒழுங்கையால இடப்பக்கம் திரும்பேக்க அந்தப் பக்கத்துச் சிக்னல் கை, இண்டிகேற்றருக்குப் பதிலாக் கதவுத் தூணிலயிருந்து நீளுறது, ஒரு கிழமையா வெளியில வருதில்லை, தூணுக்குள்ள இறுகிக் கிடக்குது. நான் சுவிச்சைப் போட, அம்மா உள்ளுக்கிருந்து பின்பக்கமாக் கையை விட்டுத் தூணில ஒரு குத்துக் குத்துவா. அப்பத்தான் செம்மஞ்சள் லைற்றோட அது எழும்பும். நான் சொல்லிக் குடுக்கேல்லை மகள், அவவாக் கண்டுபிடிச்சது.

அன்புடன்,
அப்பா