எனக்காக விழுந்தவர்களுக்கு

அன்புள்ள எல்லாருக்கும் வணக்கம்.

போன மாதம் டோக்கியோவின் நிஷி கசாயில் எனக்கு விடைகொடுக்கக் கூடியிருந்தீர்கள். மைக்கைக் கையில் கொடுத்தும் எனக்கு நாலு வார்த்தை பேச வரவில்லை. அன்று தொண்டையில் நின்றதை இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில் சென்செய், என் ஜூடோ ஆசான். அவர் காலமாகிப் பதினோரு வருடம் ஆகிறது. நான் டோக்கியோவுக்கு வேலைக்கு வந்த இரண்டாம் வருடம், டோஜோவில், அதாவது பயிற்சிக்கூடத்தில், தப்பாக விழுந்து காறையெலும்பை முறித்துக்கொண்டேன். சென்செய் பதறவில்லை. என்னை ஸ்டூலில் உட்காரவைத்தார். பின்னால் வந்து முழங்காலை என் முதுகில் ஊன்றி, இரண்டு தோளையும் மெல்லப் பின்னுக்கு இழுத்தார். எட்டுப் போலத் துணி சுற்றிக் கட்டிவிட்டு, எக்ஸ்ரே எடுக்க டாக்ஸியில் அவரே கூட்டிப்போனார்.

பல வருடம் கழித்து, கழுத்துப் பிடியில் மயங்கியவரைத் தெளிவிக்கும் 'காட்சு' சொல்லிக்கொடுத்தார். அங்கேயும் பின்னால் உட்கார்ந்து, முதுகில் முழங்கால். எனக்குச் சட்டென்று அந்த ஸ்டூல் ஞாபகம் வந்தது. கழுத்தை இறுக்குவதும் அதே இடத்தில் உட்கார்ந்துதானே!

மெய்ஜி காலத்தில் (1868–1912), ஜூடோவுக்கு முந்தைய சண்டைக் கலையான ஜுஜுட்ஸுவை யாரும் சீந்தாமல் போனபோது, ஆசான்கள் பலர் எலும்பு கட்டித்தான் பிழைத்தார்கள். ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ, 1877இல் ஆசான் தேடி அலைந்தது எலும்பு கட்டுபவர்களின் வீடுகளில்தான். அப்படித்தான் ஃபுகுடா ஹச்சினோசுகே அவருக்குக் கிடைத்தார். அடிபட்ட இடமெல்லாம் களிம்பு அப்பிக்கொண்டு திரிந்த கானோவை, கூடப் பயின்றவர்கள் அந்தக் களிம்பின் பெயரைச் சொல்லியே கேலி செய்தார்களாம். இந்த வைத்தியத்தை அரசு 1920இல் அங்கீகரித்தது. உரிமத்தின் பெயரில் இன்றும் ஜூடோ ஒட்டிக்கொண்டிருக்கிறது: ஜூடோ செய்ஃபுகுஷி, அதாவது ஜூடோ எலும்பு வைத்தியர்.

அந்த உரிமத்துக்காக நாற்பத்தோரு வயதில் இரவுக் கல்லூரியில் சேர்ந்தேன். மூன்று வருடப் படிப்பு, பிறகு தேசியத் தேர்வு. வகுப்பில் பாதிப் பேர் என் மகன் வயசுக்காரர்கள். கட்டுத்துணியை இறுக்கமாகச் சுருட்டவே எனக்கு வாரக்கணக்கில் ஆனது. நான் சுருட்டியதை வாத்தியார் கையில் எடுத்தால் நடுப்பகுதி பொத்தென்று தரையில் விழும். அலுக்காமல் தோளையும் முழங்காலையும் நீட்டி, என் கோணல் கட்டுகளோடு உட்கார்ந்திருந்த அந்தப் பையன்களுக்கும் பெண்களுக்கும் நன்றி.

முதல் தடவை தேர்வில் கோட்டைவிட்டேன். எல்லாம் கஞ்சி என்ற ஜப்பானியச் சித்திர எழுத்து செய்த வேலை. (சாப்பிடும் கஞ்சி இல்லை.) மறு வருடம் முழுக்க என் மனைவி எலும்புப் பெயர் எழுதிய அட்டையும் கையுமாகத் திரிந்தாள். சோறு வடித்துக்கொண்டே "கென்கோகோட்சு?" என்பாள். "தோள்பட்டை எலும்பு" என்று சொன்னால்தான் தட்டு வரும். அவளுக்கு இங்கே நன்றி எழுதினால் திட்டுவாள். எழுதிவிட்டேன்.

கடைசியாக, டோஜோவில் எனக்கு உகேயாக, அதாவது வீசப்படுபவராக, நின்றவர்களுக்கு. வீச்சை நான் கற்றுக்கொள்ள நீங்கள் ஆயிரக்கணக்கான தடவை பாயில் விழுந்தீர்கள். அதில் ஒருவரின் சுண்டுவிரல் என் அவசரத்தால் பிசகியது. அதற்குக் கட்டுப் போட்டதும் நானே. அந்த விரல் இன்னும் முழுசாக மடங்காது. "மழை வருவதை முன்கூட்டியே சொல்லும்" என்று அவர் சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வருவதில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள்.

நான் நடத்திவந்த எலும்பு வைத்தியசாலையின் சாவியை இளையவரிடம் கொடுத்தாயிற்று. அலமாரியில் ஒரு டஜன் கட்டுத்துணி சுருட்டி வைத்திருக்கிறேன், தம்பி. எடுக்கும்போது நடுவைப் பிடித்துக்கொள்.

அன்புடன்,
உங்கள் பழைய மாணவன்